சொம்பில் விழுந்த மாத்திரை

சிங்கப்பூரிலிருந்து தன்னந்தனியாக இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவள் ஷெர்லி. வந்த சில வாரங்களிலேயே ரயிலில் இடம் பிடிக்கவும், ஆட்டோக்காரர்களிடம் குரலை உயர்த்தவும் பழகிவிட்டாள். மைசூரின் ஏப்ரல் வெயில் மட்டும் அவளிடம் தோற்க மறுத்தது. அக்ரஹாரம் என்ற பகுதியின் தெருக்களில் அலைந்தவள், தலை சுற்றி ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ கேட்டாள்.

"அக்கா, தமிழ் தெரியுமா?" என்றாள் ஷெர்லி.

"தமிழ்ப் புள்ளயா? அப்பறம் ஏன் வெயில்ல காஞ்சுட்டு உக்காந்திருக்கற? உள்ள வா கண்ணு."

பொன்னம்மாவுக்கு ஊர் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர் பக்கம். கணவன் காளியப்பன் கட்டட மேஸ்திரி. ஒற்றை அறை வீடு. காற்றாடிக்குக் கீழே பாய் விரித்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள் பொன்னம்மா.

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாருமில்லக்கா. தனியாதான்."

"கல்யாணம்?"

"நின்னு போச்சுக்கா."

பொன்னம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சரி சரி, மொதல்ல தண்ணியக் குடி. மோர் கலக்கிட்டு வாரேன்" என்று தடுப்புக்குப் பின்னால் போனாள்.

ஷெர்லிக்கு நாக்கு வறண்டிருந்தது. ஆனால் சென்னை லாட்ஜில் வயிறு பட்ட பாடு நினைவுக்கு வந்தது. யாருக்கும் தெரியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, பையிலிருந்து குளோரின் மாத்திரையைப் பிரித்துச் சொம்பில் போட்டாள். அது கரைவதற்குள் பின்னால் அலறல் கேட்டது.

"ஐயையோ! ஏனுங்க, ஓடியாங்க! இந்தப் புள்ள என்னமோ பண்ணிக்கறா!"

பொன்னம்மா தட்டிவிட்ட வேகத்தில் சொம்பு உருண்டது. பாயெல்லாம் தண்ணீர். அவள் ஷெர்லியின் கன்னத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"வாயத் தொற! முழுங்கிட்டயா? கல்யாணம் நின்னா உசுர விட்டர்றதா? உன்னப் பெத்தவ என்ன ஆவா?"

கொல்லையிலிருந்து காளியப்பன் பனியனோடு ஓடிவந்தார். "நான் ஆட்டோ கூப்படறேன். நீ உப்பத் தண்ணில கரைச்சுக் குடு, வாந்தி எடுக்கட்டும்!"

பக்கத்து வீட்டு கௌரம்மா வாசலில் வந்து நின்றாள்.

தலைவலி மாத்திரை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் இவர்கள் விடமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கே தூக்கிப் போவார்கள். ஷெர்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"விஷமில்லக்கா. அது... தண்ணிய சுத்தம் பண்ற மாத்திரை."

கன்னத்தைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"எந்தத் தண்ணிய?"

ஷெர்லியின் பார்வை உருண்டு கிடந்த சொம்பின் மேல் போனது.

என்ன விஷயம் என்று கௌரம்மா கன்னடத்தில் கேட்டாள். பொன்னம்மா சொன்ன பதிலில் 'தலெ நோவு', அதாவது தலைவலி என்பது மட்டும் ஷெர்லிக்குப் புரிந்தது. தான் சொல்லாமல் விட்ட பொய்யைத் தனக்காக அவள் சொல்கிறாள்! ஷெர்லிக்குக் காது மடல் சுட்டது.

கௌரம்மா போனதும், "நல்லவேள, உசுருக்கு ஒண்ணுமில்ல" என்று சிரிக்கப் பார்த்தார் காளியப்பன். சிரிப்பு வரவில்லை. தோள் துண்டை எடுத்துத் தரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"மன்னிச்சிருங்கக்கா. நான் அப்படியே குடிக்கறேன்." ஷெர்லி பாய்ந்து குடத்தில் டம்ளரை விட்டாள்.

பொன்னம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேண்டாம் கண்ணு. உனக்கு வயிறு கெட்டா, எங்கூட்டுத் தண்ணியாலதான்னு ஆயிரும்."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள் ஷெர்லி.

பொன்னம்மா ஸ்டவ்வைப் பற்றவைத்து, சட்டியில் தண்ணீர் ஊற்றி ஏற்றினாள். எழுந்து போகவும் முடியாமல், அவள் முதுகைப் பார்க்கவும் முடியாமல் ஷெர்லி ஈரப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பொன்னம்மா திரும்பாமலே கேட்டாள்:

"இன்னும் எவ்வளவு நேரம் கொதிக்கோணும்? நீயே சொல்லு கண்ணு, எங்களுக்குத் தெரியாது."

ஷெர்லிக்குத் தெரியும். ஈரப் பாயின் ஓரத்தை விரலால் பிய்த்துக்கொண்டிருந்தாள்.