பனாமாவிலிருந்து வந்த வீடியோ கார்டு

மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒஸ்மானி மூன்று மாடி ஏறினான். லிஃப்ட் போன வருஷமே செத்துவிட்டது. இன்று வியாழன். சனிக்கிழமை ஒரு பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் விழா; இந்த ஊரில் அது பாதிக் கல்யாணம். அதில் திரையில் ஓட வேண்டிய படம் இந்தக் கணினிக்குள் பாதி வெட்டித் தொகுத்த நிலையில் கிடந்தது. கணினியின் வீடியோ கார்டு மண்டையைப் போட்டிருந்தது. திரை முழுக்க ஊதாக் கோடுகள், அப்புறம் ஒரே இருட்டு. பெண்ணின் அப்பா கடல் தாண்டி டாம்பாவிலிருந்து இதற்கென்றே விமானம் ஏறி வருகிறார். படம் ஓடாவிட்டால் ஹவானாவில் இனி எந்த அம்மாவும் தன் மகளை இவன் கேமரா முன்னால் நிறுத்த மாட்டாள்.

இந்த ரகக் கணினியில் வீடியோ கார்டைத் தனியாகக் கழற்றி மாட்டலாம். ஆனால் கார்டு இங்கே கடையில் கிடைக்க வேண்டுமே. யாராவது பனாமா போய், பெட்டியில் துணிமணிக்கு நடுவே சுருட்டிக்கொண்டு வந்தால்தான் உண்டு. ஊரெல்லாம் அலைந்து விசாரித்ததில், ரிப்பேர் வேலை செய்யும் இதால்மிஸிடம் ஒன்று வந்திருப்பது தெரிந்தது.

இதால்மிஸ் என்றதும் கொஞ்சம் தயங்கினான். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் மகள் யாய்மேயின் பதினைந்தைப் படம் பிடித்தவன் இவன்தான். ஹோட்டல் நீச்சல்குளத்தின் ஓரமாக, நீல கவுனில் நின்ற பெண்ணை இன்னும் பின்னால் போ, இன்னும் பின்னால் போ என்று விரட்டிக்கொண்டே இருந்தான். அவள் குளத்துக்குள் விழுந்தாள். கவுன் குடை மாதிரி மேலே மிதக்க, வாய் நிறையத் தண்ணீரோடு கையை உதறியவளிடம், "சிரிம்மா, கேமரா ஓடுது" என்றான். வாராவாரம் பென்டிரைவில் வீடு வீடாகப் போகும் வீடியோத் தொகுப்பில் வேடிக்கைப் பகுதி ஒன்று உண்டு. அந்தப் பன்னிரண்டு வினாடியை அதற்குக் கொடுத்தான். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாளாம். தமாஷைத் தமாஷாக எடுத்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, இவன் மறந்தும் போனான். இந்த மாதிரி ஆட்களுக்கு மறதி மட்டும் நன்றாக வேலை செய்யும்.

போனில் இதால்மிஸ் கோபப்படவே இல்லை. "கார்டு வந்திருக்கு. மெஷினை எடுத்துட்டு வா" என்றாள். அவ்வளவுதான்.

உள்ளே போனால் ஜன்னலோரம் லியோஸ்வெல் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். இவனைப் போலவே பதினைந்து வயது விழாக்களைப் படம் பிடிப்பவன். அவனிடமும் இதே ரகக் கணினிதான். இரண்டும் ஒரே கப்பலில் வந்தவை.

"என்ன மச்சான், உன்னோடதும் போச்சா?" என்றான் ஒஸ்மானி.

"போன வாரமே போயிடுச்சு."

அப்பாடா, கார்டுக்கு நான் முந்திக்கொண்டேன் என்று ஒஸ்மானி உள்ளுக்குள் குதித்தான். முகத்தில் மட்டும் பரிதாபம் காட்டினான்.

இதால்மிஸ் கணினியைக் கவிழ்த்துப் போட்டு மூடியைத் திறந்தாள். திருகுகளை ஒரு தட்டில் வரிசையாக வைத்தாள். சூட்டைக் கடத்தும் செம்புக் குழாயைத் தூக்கி, செத்த கார்டை உருவிக் கீழே வைத்தாள். புதுக் கார்டைச் சாய்த்துச் செருகி, பசை தடவி, அழுத்தித் திருகினாள். மருத்துவச்சி கை மாதிரி நிதானமான கை.

திரை எரிந்தது. மஞ்சள் கவுன் போட்ட பெண் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து பளிச்சென்று சிரித்தாள். ஒஸ்மானிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அக்கா, நீங்க தெய்வம்."

"இரு. சூடாகட்டும், தாங்குதான்னு பாப்போம்."

இருபது நிமிடம் படம் ஓடியது. அந்த இருபது நிமிடமும் ஒஸ்மானி வாய் ஓயாமல் பேசினான். சனிக்கிழமை படத்தைப் பார்த்துப் பெண்ணின் அப்பா எப்படி அழுவார் என்று அழுதே காட்டினான். பிறகு இதால்மிஸ் கணினியை அணைத்தாள். மறுபடி கவிழ்த்தாள். திருகுகளைக் கழற்றினாள்.

"என்னக்கா, ஏதாவது சரியில்லையா?"

"எல்லாம் சரியா இருக்கு." கார்டை உருவி, துடைத்து, உறையில் போட்டு லியோஸ்வெலிடம் நீட்டினாள். "பாத்தியா, நல்லா ஓடுது. தைரியமா எடுத்துக்கோ."

ஒஸ்மானிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"பெட்டியில அடிபட்டு வந்த கார்டு," என்றாள் அவள். "ஷார்ட் ஆச்சுன்னா போர்டையே எரிச்சிடும். இவன் மெஷின்ல போட்டுப் பாக்க எனக்கு மனசு வரல. உன்னோடது இருக்கேன்னு ஞாபகம் வந்துச்சு."

"கார்டு இருக்குன்னு சொன்னீங்களே அக்கா."

"இருக்குன்னு சொன்னேன். உனக்குன்னு சொன்னேனா?"

லியோஸ்வெல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். "ரொம்ப தேங்க்ஸ் மச்சான். வேணும்னா உன் டிஸ்கைக் கழட்டிக் குடு, மிச்சத்தை நான் வெட்டித் தரேன். சனிக்கிழமை ஜம்முனு ஓடும். ஆனா பேரு என் பேருதான் வரும்."

அடுத்த பிறந்தநாள்களும் அந்தப் பேருக்குத்தான் போகும் என்பது ஒஸ்மானிக்குத் தெரியாதா என்ன? இதால்மிஸ் பக்கம் திரும்பினான். "அக்கா, அன்னிக்கு நடந்தது தப்புதான். கால்ல வேணாலும் விழறேன்."

"விழு," என்றாள் இதால்மிஸ். "விழறதைப் பாக்க இந்த ஊருக்கு ரொம்பப் பிடிக்கும்."

விழுந்தான். தரை ஓடு முழங்காலில் சில்லென்று பட்டது. அப்போது உள்ளறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். யாய்மே நின்றிருந்தாள். வளர்ந்திருந்தாள், வெயிலே படாத பிள்ளை மாதிரி வெளுத்திருந்தாள். கையில் போன் அவனை நோக்கி இருந்தது.

"மாமா, கொஞ்சம் சிரிங்க. கேமரா ஓடுது."

இதையே சொல்லித் தானும் சிரித்துக் காட்டி எத்தனை வருஷப் பழக்கம். கன்னத்தில் கண்ணீர் வழிய, ஒஸ்மானியின் உதடு தானாக விரிந்து பல்லைக் காட்டியது.

பன்னிரண்டு வினாடி ஆனதும் யாய்மே போனை அணைத்தாள்.