கிளைவ் வாங்கிக்கொண்ட நாய்

திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த மில்டுரா என்ற ஊரில் லினெட் ஒரு பிசியோதெரபிஸ்ட். பக்கத்து அறையில் இருந்த கிளைவ் 'வாழ்க்கை வழிகாட்டி'. இணையத்தில் ஏதோ பயிற்சி முடித்துவிட்டு, துக்கம், குடி, விவாகரத்து எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து வைத்திருந்தான்: மூச்சை இழுத்துவிட்டு, நாளையை நினைத்துச் சிரிக்க வேண்டும். யாரையும் டாக்டரிடம் அனுப்பியதே இல்லை. "அனுப்பினா நமக்குத் தெரியலைன்னு ஆயிடும்ல?" என்பான். அவனைக் கண்டாலே லினெட்டுக்கு வாய் புளிக்கும்.

அன்று காலை அவன் அறை வாசலில் ஒரு நாய் கட்டப்பட்டிருந்தது. டெஸ்மண்டின் நாய். அவர் திராட்சைத் தோட்டக்காரர், போன அறுவடைக்கு முன் மனைவியைப் பறிகொடுத்தவர். முதுகுக்கு லினெட்டிடமும் மனசுக்குக் கிளைவிடமும் வருவார்.

"இது எப்படி இங்க?" என்று கேட்டாள் லினெட்.

"நேத்து குடுத்துட்டுப் போனாரு, நன்றிக்கு. மனுஷன் எவ்வளவு தெளிவாயிட்டாரு தெரியுமா? டிராக்டரைக்கூட பக்கத்துத் தோட்டத்துக்குக் குடுத்துட்டாராம். இனிமே யாருக்கும் தொந்தரவு இல்லன்னு சிரிச்சாரு."

தன்னுடையதையெல்லாம் கொடுத்துவிடுவது எதற்கான அறிகுறி என்று லினெட்டுக்குத் தெரியும். "சாகப்போறீங்களான்னு கேட்டியா?"

"அந்த மாதிரி வார்த்தையெல்லாம் என் அறையில பேசுறதில்ல."

"பேசமாட்ட. நாயை மட்டும் வாங்கிக்குவ."

ஆஸ்பத்திரியின் மனநல அவசரக் குழுவுக்கு ஃபோன் போட்டு முகவரி சொன்னாள். பிறகு டெஸ்மண்டை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"டெஸ்மண்ட், சுத்தி வளைக்காம கேக்குறேன். சாகணும்னு நினைக்கிறீங்களா?"

"யாருமே இதைக் கேக்கலையேம்மா," என்றார். "ஆமா."

"எனக்கு முதுகுதான் தெரியும். இதுக்குத் தெரிஞ்சவங்க உங்க வீட்டுக்கு வந்துட்டிருக்காங்க. அதுவரைக்கும் ஃபோனை வைக்காதீங்க. வெளியில வந்து உக்காந்து என்கிட்ட பேசுங்க."

பேசினார். கவாத்து செய்யாமல் விட்ட கொடிகளைப் பற்றி, மனைவி விட்டுப்போன மூக்குக்கண்ணாடியைப் பற்றி. ஃபோனில் குழுவின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்ட பிறகே அவள் ஃபோனை வைத்தாள்.

கிளைவ் கதவருகே கைகட்டி நின்றான். "என் ஆளை என்கிட்டேயிருந்து பிரிச்சுட்ட. இன்னும் ரெண்டு தடவை வந்திருந்தா முழுசா சரியாகியிருப்பாரு."

லினெட் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை, கோபப்படுவதற்கும் எதிரே ஓர் ஆள் வேண்டும். "நாயை அவுத்துக் குடு," என்றாள்.

டெஸ்மண்ட் சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது டாக்டரிடம் போகிறார். துணையை இழந்தவர்கள் கூடும் இடத்துக்கும் போகிறார். பேச்சு குறைவுதான், ஆனால் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். நாய் மறுபடி அவர் வீட்டில்தான் இருக்கிறது.

கிளைவ் அறையைக் காலிசெய்துகொண்டு ஸ்வான் ஹில் என்ற ஊருக்குப் போய்விட்டான். அங்கே இன்னும் பெரிய பெயர்ப்பலகை மாட்டி, வழிகாட்டிகளுக்கே வழிகாட்டுகிறானாம்.