‘இல்ல’ வீடு

ஆரியசாலையில் உலகம்மையின் வீடு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் பால் பாக்கெட் வாங்கித் திரும்புவதற்குள் காணாமல் போனது. கேட் மட்டும் நின்றது. அதில் குடியிருப்போர் சங்கத்தார் அதற்குள் மாட்டிவிட்டுப் போன பெயர்ப்பலகை தொங்கியது. “வீட்டுப்பேரு எந்தா சேச்சி?” என்று முந்தின நாள் கேட்டு வந்த சங்கச் செயலாளர் சஜியிடம், “பேரெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றிருந்தாள். அவள் குடும்பத்தில் மனிதருக்குப் பேர் வைப்பதோடு சரி. சஜியும் மலையாளத்தில் ‘இல்ல’ என்று எழுதி மாட்டிவிட்டார். உலகம்மை கேட்டைப் பிடித்துக்கொண்டு கூவினாள். தெருவே கூடியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள், அடுத்த வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த ஒடிசாக்காரி ராஜஸ்ரீ. திருப்பூரில் நாலு வருஷம் பனியன் தைத்ததில் தமிழ் பேசுவாள். மலையாளத்தில் ஓரெழுத்தும் தெரியாது. “வீடு இருக்குதே அக்கா!” என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனாள். கைக்குச் சுவர் தட்டுப்பட்டது, அடுப்பு சுட்டது. பலகையை வாசிக்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் எதுவும் இல்லை. உலகம்மை படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். கடுகெண்ணெய் நாற்றம் என்று மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொந்த அடுக்களைக்குப் போனபோது, அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சஜி மன்னிப்புக் கேட்டுப் பலகையைக் கழற்றினார். மறுநாள் காலை அது திரும்பவும் கேட்டில் தொங்கியது. ஏழு முறை கழற்றியபின் விட்டுவிட்டார். ராஜஸ்ரீ மாடியை விட்டு உலகம்மையோடு குடிவந்தாள். ஒரே அடுப்பில் சாம்பாரும் கடுகெண்ணெய் மீனும் கொதித்தன. தபால்காரர் கேட்டோடு நின்றார். மழை அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத கூரையில் விழுந்து வழிந்தது. இப்படி இரண்டு வருஷம் போயிற்று.

பிறகு ராஜஸ்ரீக்குக் கடையில் நல்ல வேலை வந்தது. மலையாளம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சாயங்கால வகுப்பில் சேர்ந்தாள். அவளும் வாசித்துவிட்டால் இந்த வீட்டைப் பார்க்கத் தெருவில் ஒரு கண் கிடையாது. போகாதே என்று சொல்லத்தான் உலகம்மை வாயெடுத்தாள். வகுப்புக்கு நேரமாச்சு என்றாள்.

மூன்றாம் வாரம் கூட்டெழுத்துப் பாடம்; பலகையில் இருந்த ‘ல்ல’வும் அதில் வந்தது. அன்று வகுப்பு விட்டு வந்தவள் கேட்டருகே நின்று அலறினாள். “அக்கா! வீடு எங்கக்கா? நேத்துக்கூட இருந்துச்சே!”

உலகம்மை அடுக்களையிலிருந்து சுவரையோ கதவையோ தடவிப் பார்க்காமல் நேரே நடந்து வந்தாள். அப்படி நடப்பது அன்றுதான் அவளுக்கே தெரிந்தது. ராஜஸ்ரீயின் கையைப் பிடித்தாள்.

“அழாத மோளே. படி இருக்கு, காலத் தூக்கி வை.”

ராஜஸ்ரீ விம்மிக்கொண்டே காலைத் தூக்கி வைத்தாள். படி இருந்தது.