மலையிடுக்கில் தம் பிரியாணி

கதை எழுத இதுவரை துணியாத கை இது. சான்றோர் முன் வைப்பதற்கே கூச்சமாக உள்ளது. பிழையிருப்பின் பெருமனத்தோடு பொறுத்தருள வேண்டுகிறேன்.

ஷா ஆலமில் நில வரைபட அலுவலகம் ஒன்றில் ராஜினிக்கு வேலை. உலு சிலாங்கூர் மலைப்பகுதியில், இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓர் ஆறு ஒடுங்கி ஓடும் இடுக்கை அவள் ஆறு மாதமாக வரைந்துகொண்டிருந்தாள். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு நீலம், ரப்பர் படகு விடும் நீரோட்டத்துக்கு மஞ்சள், டுரியான் தோட்டத்துக்குப் பச்சை. நேரில் சரிபார்க்க ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து காரில் போனாள். அங்கே, வரைபடத்தில் நிறமே ஒதுக்காத ஒரு பயன் ஆற்றின் நடுப்பாறையில் நடந்துகொண்டிருந்தது. கிள்ளானிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம், வளர்ந்தவர்கள் எட்டுப் பேர், கேஸ் அடுப்பில் பிரியாணிக்குத் தம் போட்டிருந்தார்கள்.

நீர்மட்ட அளவுகோலைக் கரையில் ஊன்றிவிட்டு நிமிர்ந்தவள் திகைத்துப் போனாள். தெளிந்து ஓடிய தண்ணீர் தே தாரேக் பால்தேநீரின் நிறத்துக்கு மாறியிருந்தது. காய்ந்த இலையும் சுள்ளியும் கூட்டங்கூட்டமாய் மிதந்து வந்தன. தலைக்கு மேல் நல்ல வெயில். ஆனால் உச்சி மலையில் மழை கொட்டியிருக்கிறது. அகன்ற மேலாற்றின் வெள்ளம் இந்த இடுக்கில் நுழைந்தால் ஆளுயரம் எழும்பும் என்பது அவளுக்குத் தெரியும்.

முழங்கால் நீரில் நடந்து பாறையை அடைந்தாள்.

“ஆன்டி, மன்னிச்சுக்குங்க. கொஞ்சம் மேல ஏறிட முடியுமா? தண்ணி வருது.”

அடுப்பருகே இருந்த தனலெட்சுமி நிமிர்ந்தார். “ஆத்துல தண்ணி வராம பெட்ரோலாம்மா வரும்?”

அவருடைய கணவர் நாகையா சிரித்தார். “வெயிலு மண்டைய பொளக்குது மிஸ். அபராதச் சமன் எழுத வந்தீங்களா?”

“இல்ல அங்கிள். தயவுசெஞ்சு...”

“தம்முக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு லா. நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க.”

அந்தப் பத்து நிமிடம் ஆற்றிடம் இல்லை. யாரையும் அதட்டிப் பழகாத ராஜினிக்கு வாய் எழவில்லை, கை எழுந்தது. கழுத்துத் துண்டால் பானையின் இரு காதுகளையும் பற்றித் தூக்கினாள். தண்ணீரைக் கடந்தாள். கரைப் படிகளில் ஏறி ஓடினாள்.

“பானைய தூக்கிட்டுப் போறா பாருங்க. பிடிங்க அவள” என்று தனலெட்சுமி கத்தினார்.

எட்டுப் பேரும் செருப்புக்கூட மாட்டாமல் துரத்தினார்கள். நாற்பதாவது படியில் நாகையா அவளை எட்டிப் பிடித்தபோது, பாலத்தில் பத்து லோரி ஒன்றாய்ப் போவதுபோல் கீழே இரைச்சல் எழுந்தது. திரும்பிப் பார்த்தார்கள். பாறையைக் காணோம். பழுப்பு நீர் மட்டும் சுழித்துக்கொண்டிருந்தது.

பிறகு தனலெட்சுமி பானையை வாங்கிக் கீழே வைத்தார். ராஜினியின் சிவந்த உள்ளங்கையைப் பிடித்து ஊதினார்.

“மனசுல வெச்சுக்காதம்மா. உக்காரு, மொத தட்டு உனக்குத்தான்.”

“தட்டு எங்க இருக்கு?” என்றார் நாகையா.

மூடியிலும் கரையில் பறித்த வாழையிலையிலும் ஒன்பது பேர் சாப்பிட்டார்கள்.

ஆற்றோடு போனவை: கேஸ் அடுப்பு ஒன்று, பாய் இரண்டு, ஐஸ் பெட்டி ஒன்று, தயிர்ப் பச்சடி முழுவதும், தட்டுகள் பத்து, செருப்பு எட்டுச் சோடி, அலுவலக அளவுகோல் ஒன்று.