பிரிஜித்தாவின் நாலாம் சரணம்

சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், அல்பெர்கேரியாச் சந்து ஒன்றின் மூன்றாம் மாடியில் ஓர் ஐரிஷ் கிழவி இருந்தார். அவர் பாடினால் கீழே சந்தையில் பனிக்கட்டிமேல் கிடக்கும் வாள்மீன் கண்ணை மூடும். நான் பார்த்தேன். மீன்காரனும் பார்த்தான். ஆனால் அவன் வெளியே சொல்லமாட்டான். மீன் பழசு என்று சனம் நினைத்துவிடும் என்ற பயம்.

பெயர் பிரிஜித்தா. அயர்லாந்தின் மேற்குக் கடலில் ஒரு சின்னத் தீவில் பிறந்தவர். அங்கே பேசுவது கேலிக் மொழி. அந்த மொழிப் பாட்டுக்கு வாத்தியம் கிடையாது. பாடுகிறவர் கண்ணை மூடிக்கொள்வார். பக்கத்தில் ஒருவர் இருந்து அவருடைய கையைப் பிடித்து, கைத் தையல் மெஷினைச் சுற்றுவது போல மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பார். அது அவர்களுடைய வழக்கம். பிரிஜித்தாவுக்கு அது வழக்கம் மட்டுமல்ல. கை பிடிக்க ஆள் இல்லாவிட்டால் அவருக்கு ஒரு வரியும் வராது.

பதினாறு வயதில் ஊர்ச் செத்தவீடுகளில் பாடத் தொடங்கியவர். பிறகு லண்டன், பொஸ்டன் மேடைகள், ஆறு இசைத்தட்டுகள். கப்பலில் சமையற்காரனாக இருந்த ஒரு சிசிலிக்காரனைக் கட்டினார். அதன்பின் முப்பது வருடம் எல்லா மேடையிலும் அவன்தான் கை பிடித்தான். விளம்பரத்தில் அவன் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. எண்பத்தொன்பதாம் ஆண்டில் அவன் செத்தான். அவர் பாட்டை விட்டுவிட்டார். எங்கிருந்து அழைப்பு வந்தாலும், "கை இல்லை" என்று மட்டும் பதில் போகும்.

தொண்ணூற்றுமூன்றில் நான் அங்கே வேலை கேட்டுப் போனேன். வீட்டைத் துடைக்க, சமைக்க, கிழவியைப் படியிறக்கிக் கோயிலுக்குக் கூட்டிப் போக ஓர் ஆள் வேண்டியிருந்தது. மற்ற வீட்டுச் சிஞ்ஞோராக்கள் முதலில் பெர்மெசோ, அதுதான் வதிவிட அனுமதி, இருக்கிறதா என்று கேட்பார்கள். இவர் கையை நீட்டச் சொன்னார். நான் மன்னார்த் தீவு, பேசாலைக்காரன். இருபது வருடம் நங்கூரக் கயிறு இழுத்த கை. பிடித்துப் பார்த்தார், ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார், பிறகு தானே பாடத் தொடங்கினார். நாலு வருடத்துக்குப் பிறகு வந்த முதல் பாட்டு. அன்று பக்கத்துப் பெருந்தெரு வியா மக்வேதாவில் ஒரு மணி நேரம் ஒருவனும் ஹோர்ன் அடிக்கவில்லை. பலேர்மோவை அறிந்தவர்களுக்கு இது வாள்மீனைவிட நம்பக் கடினம்.

ஒரு பாட்டை மட்டும் அவர் எந்த இசைத்தட்டிலும் பாடவில்லை. தகப்பனும் தமையனும் போன வள்ளம் கடலில் தாழ்ந்தபோது அவருடைய தாய் கட்டியது. நாலு சரணம். தாய்க்குப் பிறகு அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எழுதி வைக்கவும் மாட்டார். தாளில் கிடந்தால் அது பாட்டில்லை, முறைப்பாடு என்பார். சாவதற்கு முன் ஒருமுறை, ஒரேயொருமுறை, அதை முழுதாகப் பாடிப் பதிந்துவிட வேண்டும் என்பது அவருக்கு மிச்சமிருந்த ஆசை. டப்ளின் வானொலிக்கு எழுதினோம். தொண்ணூற்றாறு ஒக்ரோபரில், ஒரு வியாழக்கிழமை காலை, ஒரு சிவந்த மனிதன் ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்தான். மாலையில் அவனுக்கு விமானம்.

இதுவரை சொன்னதில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். இனிச் சொல்வதில் இல்லை.

அவன் வயர்களைப் பூட்டிக்கொண்டிருக்க, நான் எலுமிச்சம்பழம் வாங்கக் கீழே இறங்கினேன். வாசலில் என் சித்தியின் மகன் அல்பேட் நின்றான். மொண்டெல்லோவில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவன். அந்த நேரத்தில் அவன் அங்கே நிற்கக்கூடாது.

"அண்ணை, ஸ்ரெல்லா அக்கா போன வள்ளம் கரை சேரேல்லையாம்," என்றான். "தலைமன்னார்ப் பக்கம் உடம்புகள் ஒதுங்கியிருக்காம். அக்காவையும் எடுத்திட்டினம்."

ஸ்ரெல்லா என் தங்கை. சண்டைக்குள் இருந்து என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய், வள்ளமேறி ராமேஸ்வரம் போய்விடு என்று அவளுக்குக் கடிதம் எழுதியவன் நான்.

"வாங்கோ வீட்டை போவம்."

"மேலை ஒரு பாட்டிருக்கு. முடிச்சிட்டு வாறன்."

"உங்களுக்கென்ன விசரே அண்ணை?"

எலுமிச்சம்பழத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டு மேலே ஏறினேன். நான் இல்லாவிட்டால் கை இல்லை. கை இல்லாவிட்டால் பாட்டு இல்லை. கிழவிக்கு ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தேன்.

முதலாம் சரணம் வந்தது. இரண்டாம் சரணம் வந்தது. எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் மூன்றாம் சரணத்தில் தண்ணீர் ஏறுவது தெரிந்தது. அது முடிந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை, நின்றது.

அவர் கண்ணைத் திறந்தார்.

"யார்?" என்று இத்தாலியனில் கேட்டார்.

"தங்கச்சி."

"கடலா?"

"ஓம்," என்றேன், தமிழில்.

சிவந்தவன் பெட்டியை நிறுத்தக் கை வைத்தான். வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு என் கையைத் தன் இரண்டு கையாலும் வாங்கி, அவர் சுற்றத் தொடங்கினார். மெதுவாக. நான் வாயைத் திறந்தேன். பெரிய வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கோயிலில் மாதா அழுவதாகப் பாடும் ஒப்பாரி வந்தது. என் குரல் கழுதைக் குரல். நாடா முடியும்வரை பாடினேன்.

சிவந்தவன் வேறு நாடா போட்டு, மூன்றாம் சரணத்திலிருந்து தொடங்கலாமே என்று கெஞ்சினான்.

"இன்றைக்கு இது இவனுடைய செத்தவீடு," என்றார் சிஞ்ஞோரா. "வசந்தத்தில் வா."

பெப்ரவரியில் அவர் போய்விட்டார். கோயிலில் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். என் கை தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது என்று அல்பேட் சொன்னான்.

பதிந்ததை அப்படியே டப்ளினில் ஒலிபரப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து அவருடைய தீவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கோயில் பாதிரிச் சுவாமி வாசித்துச் சொன்னார். கடைசிப் பகுதியைப் பாடியவர் எந்தத் தீவு, அங்கே யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டிருந்தார்கள். மன்னார்த் தீவு, சூசைப்பிள்ளையின் மகன் அகஸ்ரின் என்று பதில் எழுதுவித்தேன். அந்தப் பாட்டின் நாலாம் சரணம் உங்கள் பக்கத்தில் யாருக்காவது தெரியுமா என்றும் கேட்டேன்.

மறு கடிதம் சின்னது. இங்கே ஒருவருக்கும் தெரியாது. கையைப் பிடித்திருந்தவர் நீங்கள், உங்களிடம் இருக்கும் என்றுதான் நினைத்தோம் என்று இருந்தது.