பாறைக்குள் யார் யார்?

முங்குவதற்கு முன் படகிலேயே வழிகாட்டி சொல்லிவிட்டார். கடலுக்கடியில் ஒரு பாறை, அதற்குள் ஒரு வழி. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரலாம். ஆனால் நடுவில் எது நடந்தாலும் மேலே ஏற முடியாது, தலைக்கு மேல் பாறைதான்.

"பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, காரணம் கேக்க மாட்டேன். ஒருத்தர் வேண்டாம்னா அவங்க ஜோடியும் பாறைக்கு மேலால சுத்தி வரணும். யாரையும் தனியா விட மாட்டேன்."

வழிகாட்டிக்கு என் அண்ணன் ஜோடி. எனக்குத் தங்கையின் கணவர். புது மாப்பிள்ளை, எங்கள் குடும்பத்தோடு வரும் முதல் பயணம். தங்கைக்குத் தண்ணீரே ஆகாது. படகில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன மாப்ளே, போலாம்ல?" என்றான் அண்ணன்.

"நான் ரெடி மச்சான்."

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. இந்த வழிக்காகத்தான் ஒரு வருடமாக நீச்சல் குளத்தில் முங்கிக்கொண்டிருந்தேன். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேலி செய்தவர்களுக்கெல்லாம் காதுகொடுக்காமல்.

கீழே போனோம். பாறையின் வாய் நினைத்ததைவிடப் பெரியது. உள்ளே இருட்டு, அதற்கப்பால் ஒரு நீல வெளிச்சம். வழிகாட்டி ஒவ்வொருவரையும் பார்த்து விரலை வளைத்து 'சரியா?' என்று கேட்டார். மாப்பிள்ளையும் விரலை வளைத்துக் காட்டினார்.

என் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. 'பயமெல்லாம் இல்ல மேடம்' என்பவர்களின் வாயை நான் பார்ப்பதே இல்லை, கையைத்தான் பார்ப்பேன். மாப்பிள்ளையின் ஒரு கை சரி என்றது. இன்னொரு கை என் தோள்பட்டையை உடும்புப்பிடியாகப் பிடித்திருந்தது. அவர் விடும் குமிழிகளுக்கு இடைவெளியே இல்லை. சிலிண்டரின் அளவுமானியைப் பார்த்தேன், அவருடைய காற்று என்னுடையதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது.

அவரைச் சுட்டிக்காட்டியிருக்கலாம். காட்டினால் அண்ணன் ஆயுசுக்கும் அவரை விட மாட்டான். அதனால் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். எனக்குச் சரியில்லை.

வழிகாட்டி தலையசைத்துவிட்டு அண்ணனோடு உள்ளே போனார். நாங்கள் பாறைக்கு மேலாகப் போனோம். கீழே போய்க்கொண்டிருந்தவர்களின் குமிழிகள் பாறை இடுக்குகளில் கசிந்து எங்களைத் தாண்டி ஏறின. எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்தில் மாப்பிள்ளை நிதானமாக மூச்சுவிடத் தொடங்கியிருந்தார்.

படகில் ஏறியதும் அண்ணன் ஆரம்பித்தான்.

"ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக்குடுக்கறா, இவளுக்கு ரிவர்ஸ் கியர்தான் வருது!"

மாப்பிள்ளையும் சிரித்தார். "நான் ரெடியாதான் இருந்தேன் மச்சான். அக்கா கையை ஆட்டிட்டாங்க, என்ன பண்றது?"

பளார் என்று ஒன்று விடலாம்போல இருந்தது. தங்கை எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டுக் கணவனுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

சிலிண்டர் மாற்றினார்கள். மீண்டும் அதே பாறை, கடைசி முங்கல். நாளைக்கு ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

"இப்ப யார் யார்?" என்றார் வழிகாட்டி.

மாப்பிள்ளையே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். 'எனக்கு வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிப் படகிலேயே இருந்துவிட்டால் போதும், வழிகாட்டி என்னைத் தங்களோடு சேர்த்துக்கொள்வார், நான் உள்ளே போய்விடுவேன். மாப்பிள்ளை ஏற்கெனவே மாட்டியிருந்த பெல்ட் கொக்கியைக் கழற்றி மறுபடி மாட்டினார். உதடு வெளுத்திருந்தது.

"நான் வரேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

செத்தாலும் இந்த மனுஷன் சொல்ல மாட்டார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நான் உள்ள வரல."

அண்ணன் கைதட்டினான். வழிகாட்டி என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார், சொன்னபடியே காரணம் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் தோள்கள் தளர்ந்தன.

"பரவால்லக்கா. பயப்படாதீங்க, நான் கூடவே இருக்கேன்."

தங்கை என் காதோரம் குனிந்தாள். "பாத்தியாக்கா, எவ்ளோ பொறுப்பா இருக்காரு!"

"கொடுத்துவெச்சவடி நீ" என்றேன்.