போகார்ட் வீட்டு மாடியிலிருந்து வந்த ஆர்கன்

அந்த டச்சுக் கிராமத்தில் ஐந்து சபைகள். ஐந்தாவது சபை நான்காவதோடு கோபித்துக்கொண்டு பிரிந்து வந்தது. பிரிந்த அவசரத்தில் குழாய் ஆர்கனுக்கு வழியில்லை. மின் ஆர்கன் ஒன்றைத் தேவாலயத்து மேல்மாடத்தில் ஏற்றி, அதன் முன்னால் பொன்வண்ணம் பூசிய பொய்க்குழாய்களை நிறுத்திவைத்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

அந்தப் பொய்க்குழாய்களுக்குப் பின்னால் முப்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவர் தேனிஸ் போகார்ட். ஞாயிறுதோறும் ஒரு தோல்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடுப்பாதையில் வருவார். பைக்குள் இருப்பது ஆர்கன் வாசிப்பதற்கென்றே தைத்த சப்பாத்து. கீழே பலகையாக விரிந்திருக்கும் கால்கட்டைகளை மிதித்து வாசிக்க அந்த மெல்லிய அடித்தோல்தான் தோது. "கால்னா அது போகார்ட் கால்தான்" என்று சபையே சொல்லும். மாடம் ஏறிய பிறகு அந்தக் காலை எவரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

லீஸ்பெத்துக்கு அந்த மாடத்தில் ஒருநாள் உட்கார வேண்டும். ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பியானோ வாசித்து வாசித்து அலுத்துப்போனவள் அவள். நவம்பர் மாதத்து ஸ்தோத்திர நாள் ஆராதனையை மட்டுமாவது எனக்குக் கொடுங்கள் என்று சபையை நடத்தும் மூப்பர்களிடம் கேட்டாள். அவர்கள் வழக்கம்போலப் போகார்ட்டைப் பார்த்தார்கள்.

"கை பரவாயில்ல" என்றார் போகார்ட். "கால்தான் இல்ல. ஆறு வாரம் பழகட்டும், நான் கேட்டுட்டுச் சொல்றேன்."

"அப்போ மாடத்துச் சாவியக் குடுங்கய்யா, சாயங்காலம் வந்து பழகிக்கிறேன்."

"ஹீட்டர் போடாத நாள்ல ஆர்கனத் தொடவே கூடாதும்மா. வீட்டுல பழசா ஒண்ணு வாங்கிப் போட்டுக்கங்களேன். நானெல்லாம் அப்படித்தான் பழகுனேன்."

லீஸ்பெத் அன்று சாயங்காலமே பழைய சாமான் விற்கும் இணையதளத்தில் தேட உட்கார்ந்துவிட்டாள். கிடைத்ததெல்லாம் எங்கோ தூரத்தில், குரோனிங்கனிலும் ஸேலந்திலும் இருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் இதே ஊரில், அடுத்த தெருவில் இருந்தது. இரண்டு அடுக்குக் கைக்கட்டை, முழுக் கால்கட்டை, பெஞ்சோடு. வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டியது. போன் செய்தால் எடுத்தது போகார்ட்டின் மனைவி நேல்ட்யே.

"அவர் ஆர்கன் பாக்கப் பஸ்ல ஜெர்மனி போயிருக்காரு. கூட இன்னும் நாப்பது ஆர்கன் பைத்தியம். வர்றதுக்குள்ள மாடிய காலி பண்ணணும். நாளைக்கே வாம்மா."

போனதும் நேல்ட்யே காப்பி ஊற்றினாள். டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்துவைத்து, டப்பாவை மூடினாள். பிறகு ஏணி மாதிரி நின்ற படிக்கட்டில் ஏறி ஆர்கனைக் காட்டினாள்.

கைக்கட்டைகளின் விளிம்பு விரல் பட்டு மழுங்கியிருந்தது. கீழே பார்த்தால் கால்கட்டைகளின் மேல் வரிசையாகப் பேரிக்காய் ஊறவைத்த கண்ணாடி ஜாடிகள். நேல்ட்யே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். அடியில் மரம் கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே பளபளத்தது.

"ஜாடிய எப்பவிருந்து இங்க வெக்கிறீங்க?"

"கல்யாணம் ஆன வருஷத்துலேருந்து. குளுகுளுன்னு இருக்கும், கெடாது. அவருக்கு ஒண்ணும் இடைஞ்சல் இல்லேன்னாரு."

லீஸ்பெத் பெஞ்சில் உட்கார்ந்தாள். இடதுகைப் பக்கம் பொத்தான்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. ஒன்றில் மட்டும் எழுத்தே இல்லை, தேய்ந்து வழவழத்துப்போயிருந்தது. அதை அழுத்திவிட்டு இடது கையால் ஒரு கட்டையைத் தொட்டாள். கால் படாமலேயே கனமான கீழ்ஸ்வரம் தானாக எழுந்து கூரை ஓடுகளை அதிரவைத்தது. கால் பழகாதவர்களுக்காகக் கம்பெனிக்காரன் வைத்துக்கொடுத்த ஊன்றுகோல் அது. சபை ஆர்கனிலும் இதே இடத்தில் இதே பொத்தான் உண்டு.

அடப்பாவி மனுஷா, என்று நினைத்தாள். முப்பது வருஷம்.

"என்னம்மா, ரிப்பேரா?" என்றாள் நேல்ட்யே.

"இல்லம்மா. ரொம்ப நல்லா வெச்சிருக்கார். நான் எடுத்துக்கிறேன்."

படிக்கட்டு வழியாக இறங்காததால் ஜன்னலைக் கழற்றிக் கயிறு கட்டி இறக்கினார்கள். தெருவே திரைச்சீலை இல்லாத ஜன்னல்களில் நின்று வேடிக்கை பார்த்தது. லீஸ்பெத் வீட்டில் சோபா வெளியே போய் ஆர்கன் உள்ளே வந்தது. "இனிமே நான் டிவிய நின்னுக்கிட்டே பாக்கணும், அதானே?" என்று கேட்டுவிட்டுப் புருஷன் ஹெர்பர்ட் நாற்காலியைச் சமையலறைக்கு நகர்த்திக்கொண்டான்.

அந்தப் பொத்தானை முதல் வாரமே அழுத்திவைத்துக்கொண்டு வாசிக்க அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. அழுத்தினால் அந்த நிமிஷமே போகார்ட் ஆகிவிடலாம். அழுத்தவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆராதனையில் பாடும் வேதச் சங்கீதங்களைக் காலால் மட்டும் மிதித்தாள். வெளியே கேட்டதெல்லாம் மரச்சத்தம்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஹெர்பர்ட்டை நிறுத்தி, "என்னப்பா, அலமாரி செய்றியா? எப்போ முடியும்?" என்று விசாரித்தார். நாலாவது வாரம் கால் தானாகக் கட்டையைத் தேடிப் போனது. அன்றைக்கு லீஸ்பெத் சமையலறைக்கு ஓடி ஹெர்பர்ட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சோதனை நாளில் மூன்று மூப்பர்கள் முதல்முறையாக மாடம் ஏறினார்கள். பன்றிப் பண்ணைக்காரர் விஸ்கர்தான் அவர்களில் மூத்தவர். ஏறிய மூச்சு அடங்குவதற்குள்ளேயே அவர் உட்கார்ந்துவிட்டார்.

"இடது பக்கம் கடைசிப் பொத்தான் அணைஞ்சிருக்கட்டும்" என்றார் போகார்ட். "நம்ம சபையில கால் உண்மையா இருக்கணும்."

லீஸ்பெத் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசித்தாள். கீழ்ஸ்வரம் தரையிலிருந்து எழுந்து பொய்க்குழாய்கள் வரைக்கும் போய் நடுங்கியது. ஒரு இடத்தில்கூடக் கால் தவறவில்லை.

"கனம் ஜாஸ்தி" என்றார் போகார்ட். "பக்குவம் பத்தாது."

"அப்போ நீங்க ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்கய்யா. பாத்துக் கத்துக்கிறேன்."

போகார்ட் சப்பாத்தை மாட்டினார். நாடாவைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். அந்த அடித்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. பெஞ்சில் ஏறியதும் அவர் இடதுகை பழக்கத்தில் ஓரத்துக்குப் போனது.

"அது அணைஞ்சே இருக்கட்டுமே" என்றாள் லீஸ்பெத். "உண்மையா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

கையை இழுத்துக்கொண்டு வாசித்தார். கால்கள் கட்டைகளுக்கு மேலே, எதையும் தொடாமல், தண்ணீரில் கால் வைக்கப் பயந்தவர் கால்போல அங்குமிங்கும் அலைந்தன. சங்கீதம் மெலிந்து, காற்றில்லாத பலூனாகச் சபைக்குள் இறங்கியது. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் பிடிபட முடியாது. லீஸ்பெத் மூப்பர்கள் முகத்தைப் பார்த்தாள்.

விஸ்கரின் கண்ணில் நீர் நின்றது.

"பாத்தீங்களா, என்ன அடக்கம்" என்றார் மற்ற இருவரிடமும். "தன்னக் காட்டிக்கவே இல்ல. லீஸ்பெத் அம்மா வாசிக்கிறதுல காலு ரொம்ப முன்னாடி வந்து நிக்குது. கொஞ்சம் பெருமை தட்டுது. இந்த வருஷ ஸ்தோத்திர நாள் போகார்ட் ஐயாவே பாத்துக்கட்டும்."

லீஸ்பெத் வாயைத் திறந்தாள். இங்கே கொலை செய்தவனைக்கூட மன்னித்துவிடுவார்கள், தன்னை உயர்த்திப் பேசியவளை மன்னிக்க மாட்டார்கள். அது அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். வாயை மூடிக்கொண்டாள். ஆத்திரத்தில் கோட்டுப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டாள்.

மூப்பர்கள் காப்பிக்குப் போய்விட்டார்கள். சுழல்படியில் அவளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்த போகார்ட் நின்றார்.

"என் ஆர்கன் உங்க வீட்டுலதான் இருக்குன்னு நேல்ட்யே சொன்னா."

"ஆமா."

"நான்... அங்க வந்து..." அவர் தோல்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "வியாழக்கிழமை சாயங்காலம் வந்தா கால் சொல்லிக் குடுப்பீங்களா? நேல்ட்யேக்குத் தெரிய வேணாம்."

லீஸ்பெத் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயது, சிவந்துபோன காது. பாவமாகத்தான் இருந்தது. ஆறு வாரம் நினைவுக்கு வந்ததும் அந்தப் பாவம் கொஞ்சம் குறைந்தது.

"வாங்கய்யா. ஹெட்போன் தரேன், வெளிய ஒண்ணும் கேக்காது. ஆனா ஸ்தோத்திர நாளுக்கு உங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்குது, எந்திரிக்கவே முடியல. மூப்பர் விஸ்கர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

போகார்ட் தோல்பையைப் படியில் வைத்தார். பிறகு ஒரு கையை இடுப்பில் வைத்து மெதுவாக முனகிப் பார்த்தார். மறுகையால் வளையத்திலிருந்து மாடத்துச் சாவியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.